டிரம்மின் மேல் ஒரு பர்ஸ்

மெம்ஃபிஸில் மத்தியான வெயில் கொளுத்துகிறது. படம் ஓட்டுவதை நிறுத்திவிட்ட பழைய சினிமாக் கொட்டகைக்குள் கறுப்பர்களின் சோல் இசைப் பாட்டு ஒன்று பதிவாகிறது. சத்தம் சிதறாமலிருக்க லூஷியஸ் வழக்கம்போல் தன் பர்ஸை டிரம் தோலின்மேல் வைத்து அடிக்கிறான். ஆனால் நேற்று வந்த அழுத்தமான சத்தம் இன்று வரவில்லை, கணகணவென்று தெறிக்கிறது. பதிவு செய்யும் டெல்பர்ட் மைக்கை நகர்த்துகிறான், திருகுகளை முறுக்குகிறான், தோலில் காதை வைத்துச் சுண்டுகிறான். "வெயிலுக்குத் தோல் இறுகிருச்சோ?" பாடகி ஒடெஸ்ஸா பர்ஸை எடுத்து உள்ளங்கையில் எடை பார்க்கிறாள். "ஏன்டா, நேத்து இது கனமா இருந்துச்சே. உள்ள என்ன வச்சிருந்த?" லூஷியஸ் குச்சி நுனியில் பெயர்ந்த சிம்பை நகத்தால் கிள்ளுகிறான். "வீட்டுச் சாவி, அக்கா." "எங்க அது?" "என் பொண்டாட்டி யெவெட் வாங்கிக்கிட்டா. என் பெட்டியத் தூக்கி வாசல்ல வச்சுட்டா." டெல்பர்டின் முகம் மலர்கிறது. "அட, சாவிதானா!" என்று தன் சாவிக்கொத்தை உருவுகிறான். ஒடெஸ்ஸா அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "அத உன் பையிலேயே வை. இது வீடில்லாதவன் பாட்டு. நேத்து வாசிச்சவனுக்கு வீடு இருந்துச்சு." பர்ஸை டிரம்மின்மேல் மெதுவாக வைத்துவிட்டு மைக்குக்கு முன்னால் போய் நிற்கிறாள். "டெல்பர்ட், நேத்து எடுத்தத அழிச்சிரு."