முக்கிப் பார்த்த பெட்டி

“விட்டுடாதீங்கண்ணே. இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் அமுக்கிப் பிடிக்கணும்.”

ராசாங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் அதைத் தண்ணீருக்குள் அழுத்தினார். அது மேலே வரத் திமிறியது. நல்லவேளை, உயிருள்ள எதுவும் இல்லை. புது ஸ்டார்ட்டர் பெட்டி.

கொள்ளிடக் கரையில் இருந்த ஊராட்சி மோட்டார் அறையில் அன்று அதை மாட்ட வேண்டும். உள்ளே செய்தித்தாளை மடித்து வைத்து மூடி, டிரம்மில் முக்கிப் பார்க்கலாம் என்று எலக்ட்ரீஷியன் செபஸ்டின்தான் சொன்னார். அரை மணி கழித்துத் தாள் நனையாமல் இருந்தால் பெட்டி தேறியது என்று அர்த்தம்.

“கல்லைத் தூக்கி மேல வெச்சா அது பாட்டுக்குக் கிடக்குமேண்ணே.”

“வேணாம் தம்பி, நானே பிடிக்கிறேன். செஞ்ச பாவத்துக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படி?”

பாவம் என்று அவர் சொன்னதற்குச் சாட்சி மூலையில் சாய்ந்து கிடந்தது. பழைய பெட்டி. பாதி உயரம் வரை வெள்ளச் சேறு காய்ந்து அப்பியிருந்தது. முகப்பின் ஓரத்தில் ஆயுத பூஜைக்குத் தடவிய சந்தனம், உச்சியில் ஆணி அளவுக்கு ஓர் ஓட்டை. மாலை மாட்டுவதற்காக மோட்டார் ஆபரேட்டரான ராசாங்கம் தன் கையாலேயே போட்டது.

போன ஐப்பசியில் ஆற்றுத் தண்ணீர் கரையேறியபோது அவர் திருமானூருக்குப் போயிருந்தார். மோட்டாரை நிறுத்த ஓடிய அவர் மனைவி இருசம்மாள் பெட்டியில் கை வைத்ததும் கரண்ட் தூக்கி எறிந்தது. உயிர் பிழைத்ததே பெரிது. ஆனால் வலது கை விரல்கள் அதன்பிறகு மடங்கவே இல்லை.

“தண்ணி ஏறிப் பத்து நிமிஷங்கூட ஆகலையாம் தம்பி. அதுக்குள்ள ஓட்டை வழியா உள்ள போயிருக்கு. ரெண்டு முழம் பூ மாட்ட ஆசைப்பட்டு, அவ கையைக் கெடுத்துட்டேன்.”

செபஸ்டின் கைபேசியில் மணி பார்த்தார்.

அவரைப் போல் ஒரு மனிதரைப் பார்ப்பது அரிது. இருசம்மாள் அரியலூர் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினெட்டு நாளும் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார். வீட்டு வயரிங் முழுவதையும் சும்மாவே மாற்றிக் கொடுத்தார். ஆனால் அந்த வீட்டில் ஒரு வாய் டீ குடிக்கச் சொன்னால் மட்டும் கும்பிட்டு நழுவிவிடுவார்.

“பாக்கப் பழசு மாதிரியேதான் இருக்கு இதுவும்” என்றார் ராசாங்கம், தண்ணீருக்குள் பார்த்தபடி.

“கடையில ரெண்டு தினுசு இருக்குண்ணே. மழைப் பெட்டின்னா சாரலுக்கு மட்டும் தாங்கும். முங்குற பெட்டின்னா அரை மணி நேரம் தண்ணிக்குள்ள கிடந்தாலும் தாங்கும். பாக்க ஒண்ணு போலதான் இருக்கும், ஓரத்துல நம்பர்தான் வேற. ஆத்தோரத்துக்கு முங்குறதுதான் போடணும்.”

“நீங்க பாத்துப் பாத்துதான் செஞ்சீங்க. இந்த மோட்டார் ரூம் திறப்பு விழா அன்னைக்கு மந்திரி வர்றதுக்குள்ள முடிக்கணும்னு விடியக்காலம் ஓடி வந்து அந்தப் பழைய பெட்டியை மாட்டுனீங்களே, மறக்க முடியுமா? அதுலபோய் நான் ஓட்டையைப் போட்டேன்.”

ராசாங்கம் முகவாயால் தன் சட்டைப் பையைக் காட்டினார்.

“என் சட்டைப் பையில வெள்ளைத்தாள் இருக்கு, எடுங்க. என் கை ரெண்டும் தண்ணியில கிடக்கு. நான் சொல்றதை நீங்க எழுதுங்க.”

“என்னண்ணே எழுதணும்?”

“தலைவர் அய்யாவுக்குன்னு போடுங்க. பெட்டியில ஓட்டை போட்டது நான்தான். என் சம்சாரம் கை போனதுக்கு நான்தான் காரணம். இந்த வேலையை விட்டு நின்னுக்குறேன். அவ்வளவுதான்.”

“வேலையை விட்டுட்டா கலையரசி காலேஜ் படிப்பு?”

“நிக்கத்தான் செய்யும். பெத்தவ கையைக் கெடுத்த பொத்தானை அமுக்கியா பொண்ணைப் படிக்க வைக்கச் சொல்றீங்க? எழுதுங்க தம்பி.”

செபஸ்டின் எழுதினார். ‘நானே காரணம்’ என்ற இடத்தில் பேனா நின்று, ஒரு புள்ளி பெரிதாக ஊறியது.

இருசம்மாள் இடது கையில் டீ டம்ளரோடு வந்தார். தாளைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“பூவைக் கட்டிக் கொடுத்தது நானு. அப்ப நானும்தான் பாவி. வேணாம்னு சொல்லுங்க தம்பி, நீங்க சொன்னாதான் கேப்பாரு. இன்னைக்காச்சும் இந்த டீயைக் குடிங்க.”

கைபேசி அடித்தது. அரை மணி முடிந்துவிட்டது.

ராசாங்கம் பெட்டியைத் தூக்கி, துடைத்து, நாலு திருகையும் கழற்றித் திறந்தார். செய்தித்தாள் காலையில் வந்த மாதிரி மொடமொடவென்று இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“சொட்டுத் தண்ணி இறங்கலை பாரு இருசம்மா. நான் ஓட்டை போடாம இருந்தா பழசும் இப்படித்தானே காப்பாத்தியிருக்கும்? பேனாவைக் குடுங்க தம்பி, கையெழுத்துப் போட்டுடுறேன்.”

செபஸ்டின் பேனாவைக் கொடுக்கவில்லை. மூலைக்குப் போய்ப் பழைய பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். வெள்ளம் ஏறி நின்ற சேற்றுக் கோட்டில் விரலை வைத்து, அங்கிருந்து உச்சி ஓட்டை வரை அளந்தார். ஒரு ஜாணுக்கு மேல் இருந்தது.

பிறகு ஓரத்தில் காய்ந்திருந்த சந்தனத்தை எச்சில் தொட்டுத் துடைத்தார். அடியிலிருந்து நம்பர் வெளியே வந்தது. அவர் தலை நிமிரவில்லை.

“நான் மாட்டுனது மழைப் பெட்டிண்ணே.”