முதல் துண்டு கிலிசிக்கு

ஒன்பதுக்கு ஒன்பது. பந்து சுனேமாவை நோக்கி வந்தது.

தாழை ஓலையில் முடைந்த பந்து. எதிரெதிரே இரண்டு வரிசையாக நின்று உள்ளங்கையால் அடித்து அனுப்ப வேண்டும். கீழே விட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளி. முதலில் பத்து எடுத்தவர்களுக்கு ஜெயம்.

தோற்றவர்கள் அங்கேயே உட்கார்ந்து பாட வேண்டும். ஜெயித்த அணியின் தலைவர் வாய்விட்டுச் சிரிக்கும்வரை பாட்டை நிறுத்தக் கூடாது.

அதற்காகவே வடகரை அணித் தலைவன் கிலிசி பதினொரு சனிக்கிழமைகளாகத் தோற்றுக்கொண்டிருந்தான்.

தென்கரை அணியின் தலைவி சுனேமா. அவள் கணவன் பனாப்பாவைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

ஒவ்வொரு வாரமும் பத்தாவது புள்ளிக்கு வரும் பந்தைக் கிலிசி கோட்டை விடுவான்.

"கையில தேங்காயெண்ணெயத் தடவிக்கிட்டு வந்தியாடா?" என்று சொந்த அணியே திட்டும்.

அவன் பாட்டுக்காரன். ஒரு வாரம் மரப்பெட்டியின் முன் உட்கார்ந்து தாளம் தட்டி, போதகரின் பன்றி கிணற்றில் விழுந்த கதையைப் பாடினான். இன்னொரு வாரம் மனைவியின் பாவாடையைக் கட்டிக்கொண்டு வாத்து நடை நடந்தான். தீவே உருண்டு சிரித்தது.

சுனேமா வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "சிரிச்சாச்சு" என்பாள். பாட்டு முடிந்துவிடும். சிரிக்காத அவள் கண்களைக் கிலிசி மட்டும் பார்ப்பான்.

இன்றும் தோற்கத்தான் வந்திருந்தான். அவள் வசமாகத் திருப்பி அடிக்கட்டும் என்று பந்தை மெதுவாகத் தட்டிவிட்டான்.

நெஞ்சுக்கு நேராக வந்தது பந்து. சுனேமா இரண்டு கைகளையும் கீழே போட்டாள்.

பந்து அவள் காலடியில் விழுந்தது.

அவள் அவனைக் கடந்து பெட்டியிடம் போனாள். "எத்தனை வாரம்ண்ணே நீங்களே பாடுவீங்க? இன்னிக்கு என் முறை."

வேண்டுமென்றே தோற்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் காது சுட்டது.

அவள் பாடியது பனாப்பாவின் பாட்டு. தன் சிநேகிதன் கிலிசியின் தீனியைக் கேலி செய்ய, ஒரு கல்யாணப் பந்தியில் அவன் கட்டியது.

"மீனைச் சுட்டா முதல் துண்டு கிலிசிக்கு, இளநி வெட்டுனா முதல் வாய் கிலிசிக்கு..."

தாளம் மெல்லத் தொடங்கி விரைந்தது. இரண்டு அணியும் சேர்ந்துகொண்டது. யாரோ வந்து கிலிசியின் வயிற்றைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

பாதியில் சுனேமாவின் குரல் உடைந்தது. அழப்போகிறாள் என்று கிலிசி பயந்தான்.

அழவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, ஓட்டைப் பல் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பதினொரு வாரம் அவன் கேட்கக் காத்திருந்த சத்தம்.

இனி அவன் சிரிக்க வேண்டியதுதான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

கிலிசி வாயைக் கையால் பொத்திக்கொண்டான். "சிரிச்சாச்சு."

"அது என் வித்தைண்ணே. கையை எடுங்க" என்று சொல்லி, அவள் முதல் அடியிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

பனாப்பாவைக் கடல் கொண்டுபோன அன்று, கவிழ்ந்த படகில் இருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர். அலை பிரித்துவிட்டது, அப்புறம் பனாப்பாவைப் பார்க்கவே இல்லை என்றுதான் கிலிசி எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

அலை பிரிக்கவில்லை. மிதந்தது ஒரே ஒரு காலி எண்ணெய் கேன், இருவரைத் தாங்காது. பனாப்பா அதைக் கிலிசியின் பக்கம் தள்ளிவிட்டான். மூச்சிரைக்க, சிரித்துக்கொண்டே, இந்த முதல் அடியைத்தான் பாடினான்.