வாம்பட்டுக்கு வைத்த சிலை

முட்டை வடிவப் பந்தை வைத்து மிருகங்கள் கால்பந்து ஆடும் ஊர் அது. கோல் கம்பத்துக்கு முன்னால் காவல் நின்றது வாம்பட். குட்டையான, கனத்த, வளை தோண்டும் பிராணி. வருஷக்கணக்காக ஒரு ஆட்டத்தைக்கூட அது தவறவிட்டதில்லை. விலா எலும்பு விரிசல் விட்ட வாரமும் வந்து நின்றது. அதைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம். அதனால் அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை என்று கூட்டமெல்லாம் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தது.

அடுத்தவர் முதுகில் ஏறிப் பந்தைப் பிடிப்பது அந்த ஆட்டத்தில் தப்பில்லை. ஒரே ஒரு முறை, எதிரணிக் கங்காரு வாம்பட்டின் முதுகில் ஏறிப் பாய்ந்து, அந்தரத்தில் பந்தைப் பிடித்தது. ஊரே எழுந்து கத்தியது.

வாம்பட் ஓய்வு பெற்றதும் கிளப் செயலாளர் கொண்டைக்கிளி பறந்து வந்தது.

"அண்ணே, உங்களுக்குச் சிலை வைக்கிறோம்!"

திறப்பு விழாவில் திரையை விலக்கினால், கல்லில் கங்காரு பாய்ந்துகொண்டிருந்தது. அதன் காலடியில் வாம்பட்.

"இது கங்காரு சிலை மாதிரியில்ல இருக்கு?" என்றது வாம்பட்.

"என்னண்ணே செய்றது? நீங்க ஆடினதுல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது இது ஒண்ணுதான்."

வாம்பட் தன் கல் முதுகைத் தட்டிப் பார்த்தது. "கெட்டியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனது.

அடுத்து வந்த புயலில் கல் கங்காரு முறிந்து விழுந்து நொறுங்கியது. கல் வாம்பட் அசையவில்லை. காலையில் கொண்டைக்கிளி வந்து, அதன் கழுத்தில் ஒரு பலகையைக் கட்டித் தொங்கவிட்டது:

"இங்கிருந்த சிலை விழுந்துவிட்டது."