கத்தி கண்டுபிடித்த நோய்

தக்காளித் தோட்டத்தில் முதல் செடியின் தண்டு ஓரிடத்தில் கறுத்திருந்தது. இதுவரை வந்த எந்த நோயும் அப்படி இருந்ததில்லை.

"கீறிப் பார்த்தால்தான் தெரியும்," என்றது கத்தி. கீறியது. உள்ளே பழுப்பாக அழுகியிருந்தது.

"இது புதுப் பூஞ்சை. எதுவரைக்கும் போயிருக்குன்னு பார்த்துடறேன்."

வரிசையில் ஒவ்வொரு செடியாகக் கீறிக்கொண்டே போனது. எல்லாத் தண்டும் உள்ளே பச்சையாகத்தான் இருந்தன. கடைசிச் செடி அப்போதுதான் பிஞ்சு விட்டிருந்தது. அதுவும் வலியைப் பொறுத்துக்கொண்டு தண்டைக் காட்டியது.

"உனக்கு ஒண்ணுமில்ல," என்றது கத்தி.

"ரொம்ப சந்தோஷம் அண்ணே."

சில நாள் கழித்துக் கத்தி மறுபடி வந்தது. கீறிய இடத்திலெல்லாம் தண்டுகள் கறுத்துச் செடிகள் சாய்ந்திருந்தன.

"நான் சந்தேகப்பட்டது சரியாப் போச்சு. வரிசை முழுக்க இருக்கு," என்றது கத்தி.

உதிர்ந்த பிஞ்சுகளின் மேல் சாய்ந்து கிடந்த கடைசிச் செடி மெல்லக் கேட்டது. "அண்ணே, முதல் செடியக் கீறினதுக்கப்புறம் உங்களக் கழுவிக்கிட்டீங்களா?"

"அதுக்கெல்லாம் ஏது நேரம்? பக்கத்துத் தோட்டத்துல கூப்பிட்டிருக்காங்க," என்று கிளம்பியது கத்தி. அதன் அலகில் பழுப்புச் சாறு இன்னும் ஒட்டியிருந்தது.