கலகலக்கும் கதவு

"பதினோரு டாலர் நாப்பது சென்ட். உங்கப்பன் ஸ்டாஷுக்கு நான் வச்ச பாக்கி, கண்ணு" என்றார், எதிர் பெஞ்சிலிருந்து கைத்தடி ஊன்றி எழுந்து வந்த கிழவர்.

பெர்னடீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டெட்ராய்ட் பூங்காவில் பழைய கார் கண்காட்சி. அவள் அப்பாவின் வண்டிக்கு நடுவர் ஹார்லன் மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐம்பத்தேழாம் வருஷத்து கார்வர் ரீஜென்ட். எட்டு சிலிண்டர். கியருக்குத் தடி கிடையாது, பொத்தான்தான். பின்னால மீன் துடுப்பு மாதிரி நிக்கிற ரெண்டு தகடும் அசல். எல்லாம் சரி மேடம். ஆனா, ஃபேக்டரி மூடின அன்னைக்கு எறங்கின கடைசி வண்டின்னு எழுதியிருக்கீங்களே?"

"எங்கப்பா சொன்னது. சாகுற வரைக்கும் சொன்னார்."

"ஃபேக்டரியில அடிச்ச நம்பர் தகடு?"

"பனிக்கு ரோட்டுல கொட்டுற உப்பு தின்னுடுச்சு."

"இந்த வருஷம் மட்டும் நாலு கடைசி வண்டி பாத்துட்டேன்." ஹார்லன் பின்பக்க இடது கதவை மறுபடியும் திறந்து சாத்தினார். உள்ளே எதுவோ கலகலத்தது. "இந்தச் சத்தத்துக்கு அஞ்சு மார்க் போச்சு."

அவளுக்கு முகம் சுண்டியது. அந்தச் சத்தத்துக்காக அம்மா முப்பது வருடம் சண்டை போட்டாள். அப்பா யாரையும் அந்தக் கதவைத் தொடவிட்டதில்லை. தொழிற்சங்க மண்டபத்தில் அவரை 'கடைசி வண்டி' என்றே கேலியாகக் கூப்பிட்டார்கள். அவர் சொன்னது பொய்யில்லை என்று ஒரு காகிதத்திலாவது எழுதி வாங்கத்தான் அவள் வந்திருந்தாள்.

"அந்தச் சத்தம் கேட்டுத்தான் வந்தேன்" என்றார் கிழவர். "வண்டியில ஒட்டின சீட்டுல ஸ்டாஷ் பேரும் இருந்துது. நான் லூசியஸ். உங்கப்பன் கதவு மாட்டுவான், நான் உள்பக்க அட்டை அடிப்பேன். சீட்டாட்டத்துல தோத்த காசு அது. கடைசி நாள், வேலை போச்சேன்னு எல்லாரும் வயிறெரிஞ்சு நிக்கிறோம், இவன் மட்டும் 'காசு எங்கடா'ன்னு பின்னாலயே வரான். எனக்கு வந்துது பாரு கோவம். காசை என் புகையிலை டப்பாவுல போட்டு, கடைசியா வந்த வண்டியில, இதே கதவுக்குள்ள வச்சு அடிச்சு மூடிட்டேன். 'போய் எடுத்துக்கடா'ன்னேன். அதோட பேச்சு நின்னுடுச்சு."

"நல்லாத்தான் இருக்கு கதை" என்றார் ஹார்லன். "டப்பா இருந்தா இப்பவே கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா, அசல் அட்டையைக் கழட்டினதுக்கு இருபது மார்க் போகும். இருக்கறதும் போயிடும் மேடம்."

பெர்னடீன் திருப்புளியை எடுத்தாள்.

அட்டை விலகியதும் உள்ளே கைவிட்டுத் துழாவினாள். தகர டப்பா ஒன்று வந்தது. மூடியில் 'லூ' என்று ஆணியால் கீறியிருந்தது.

கூடி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஹார்லன் தொப்பியைக் கழற்றிவிட்டு, காரின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். வெட்டிய அஞ்சு மார்க்கையும் திருப்பிக் கொடுத்தார். "அசல் சத்தம்" என்று பக்கத்தில் எழுதினார்.

"எண்ணிப் பாத்துக்க கண்ணு. இன்னையோட கணக்குத் தீந்துது" என்று லூசியஸ் டப்பாவைத் திறந்தார்.

நான்கு பத்து சென்ட் காசுகள்தான் இருந்தன. நோட்டு ஒன்றுகூட இல்லை.

"பதினோரு டாலர் நோட்டா வச்சேனே. எவன் கைவச்சான்?"

அடியில் ஒரு துண்டுக் காகிதம் மடித்துக் கிடந்தது. பெர்னடீன் பிரித்தாள். அப்பாவின் கோணல் கையெழுத்து. தேதி, அவர் மூன்று ஊர் தேடி அந்த வண்டியை வாங்கிய அன்றையது. உரக்கப் படித்தாள்:

"லூ, பதினோரு டாலர் வந்து சேந்துது. நாப்பது சென்டைத் தள்ளுபடி பண்ணிட்டேன். அதையும் எடுத்துட்டா கதவு சத்தம் போடாது. சத்தம் போடலேன்னா, நீ என்னை எப்படிடா கண்டுபிடிப்ப?"