அந்தத் தட்டு மட்டும் வேண்டாம்

"தாயே, அந்தத் தட்டுல மட்டும் கை வைக்காதீங்க!"

லாய் பூன் பதறிக்கொண்டு ஓடிவந்தார். இடுக்கியில் பன்றிக்கறி பன்னைப் பிடித்திருந்த பெண்மணி அப்படியே நின்றுவிட்டாள்.

ஐம்பது வயதிருக்கும். மொட்டைத் தலை. சாம்பல் நிறத்தில் தொளதொள உடை. ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போ பகுதியில் இருபது வருடமாக பேக்கரி நடத்துகிறவருக்கு ஆள் யாரென்று தெரியாதா? மலை மடத்துப் பௌத்தத் துறவி! கறியின் வாசனைகூடப் படக்கூடாதவர். அவருடைய விரதம் நம் கடையிலா கெட வேண்டும்?

"ஏன், பழசா?" என்றாள் அவள்.

"ஐயோ, இப்பதான் அடுப்புல இருந்து இறங்குச்சு. ஆனா உள்ள பன்றிக்கறி தாயே."

"தெரியுமே. அதுக்குத்தானே எடுக்கறேன்!"

கல்லாவில் இருந்த அவர் மனைவி யீமான் களுக்கென்று சிரித்தாள். பூன் அவளை முறைத்துவிட்டுத் திரும்பினார்.

"உங்களுக்கு அதெல்லாம் ஆகாதே. பெரியவங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"பெரியவரே நேத்து சொல்லிட்டாருப்பா. 'நீ வாயைக் கட்டினது போதும்மா, இனிமே இஷ்டப்பட்டதைத் தின்னு'ன்னு."

மடங்கள் இந்த அளவுக்கா கெட்டுப்போய்விட்டன! பூனுக்குத் தலை சுற்றியது.

"முதல்ல இனிப்புல ஆரம்பிங்க தாயே" என்று இடுக்கியைப் பறித்துக்கொண்டு தேங்காய் பன்னை நீட்டினார்.

அவள் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இனிக்குது! ஏம்பா, நெஜமாவே இனிக்குது!"

"பன்னுன்னா இனிக்காம கசக்குமா?" என்றாள் யீமான்.

"ஆறு மாசமா வெறும் கஞ்சியும் வேகவச்ச காயும்மா. முடி போனப்பவே ருசியும் போச்சு."

பூன் மனைவியின் காதருகே குனிந்தார். "கேட்டியா? எல்லாத்தையும் துறந்தவங்க."

"துறந்தவங்க தின்ற மாதிரியா இருக்கு? பயறு பன் ரெண்டு காலி. பால் பன் பாதி போயிடுச்சு. அவங்க பாவம் அவங்களோட, கேட்டதைக் குடுத்து அனுப்புங்க."

"வாயை மூடு. நமக்கும்தான் நரகம்."

அதற்குள் வந்தவள் அன்னாசி பன் பக்கம் போயிருந்தாள். பூனுக்கு வியர்த்தது. அன்னாசித் தோல் போல வெடித்து அந்தப் பெயரை வாங்கித் தந்த மொறுமொறுப்பான மேல் ஓட்டின் ரகசியமே பன்றிக் கொழுப்புதான். இதையும் தடுத்தால் கடையில் வேறென்ன மிஞ்சும்?

"அது சுத்த சைவம் தாயே. வெறும் வெண்ணெய்" என்று கூசாமல் புளுகினார்.

"அதுல அன்னாசியும் இல்ல, பாவமும் இல்ல" என்று முணுமுணுத்தாள் யீமான்.

வந்தவள் ஒரு கடி கடித்தாள். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. கண்களில் நீர் திரண்டது.

"பொய் சொல்றே. இது பன்றிக் கொழுப்பு!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பூன் கைகளைக் குவித்து இடுப்பு வளையக் குனிந்தார்.

"மன்னிச்சிடுங்க தாயே! பாவம் மொத்தமும் என் தலையில விழட்டும். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க... துறவி நீங்க, ஒரே கடியில எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"துறவியா? நானா?"

விழித்தவள், தன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு வெடித்துச் சிரித்தாள்.

"யூன் லாங் சந்தையில முப்பது வருஷமா பன்றிக்கறிக் கடை வச்சிருக்கேன்யா! புத்துநோய்க்கு மருந்து ஏத்தினதுல முடியும் போச்சு, நாக்கும் செத்துப்போச்சு. நோய் போயிடுச்சுன்னு பெரிய டாக்டர் நேத்துதான் சொன்னாரு, என் நாக்கு இப்பதான் சொல்லுது... அந்தக் கறி பன்னுல நாலு எடுத்து வை!"