மிச்ச இடம் யாருக்கு

“கடைசி வரியில அவ ஏன் பெஞ்சோட நடுவுல போய் உட்கார்ந்தா? யாராவது சொல்லுங்க பாப்போம்.”

தமிழாசிரியர் கேட்டதுதான் தாமதம், எட்டாம் வகுப்பு மொத்தமும் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டது. கண்ணில் பட்டால் எழுப்பிவிடுவாரே என்ற பயம்.

துணைப்பாட நூலில் அந்த ஆண்டு புதிதாக வந்திருந்த கதை. சின்னக் கதைதான்.

ஒரு பெண் பால்கனியில் போட மரப்பெஞ்சு ஒன்று வாங்குகிறாள். சாயங்காலமானால் அதில் போய் உட்காருகிறாள். வேலை முடிந்து வரும் கணவன், பெஞ்சுக் கால் ஆடுகிறதா என்று பார்க்கிறான். திருகாணியை முடுக்குகிறான். இன்னொரு நாள் வார்னிஷ் அடிக்கிறான். “அருமையான பெஞ்சு” என்று அதைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறான். கடைசியில் ஒரு சாயங்காலம் அவள் பெஞ்சின் நடுவில் உட்காருகிறாள்.

அதோடு கதை முடிந்துவிடுகிறது.

ஆசிரியரிடம் பதில் தயாராக இருந்தது. பெஞ்சு உறுதியாகிவிட்டது, அதனால் நிம்மதியாக நடுவில் உட்கார்ந்தாள். ‘பொறுப்புள்ள கணவன்’ என்று கரும்பலகையில் எழுதக் கை பரபரத்தது.

முதல் வரிசையிலிருந்து மைனா எழுந்தாள். வாய் ஓயாததால் வகுப்பு வைத்த பெயர்.

“சார், அந்த ஆள் சுத்த மக்கு சார்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆசிரியருக்கு ஏனோ சுருக்கென்றது.

“எந்த வரியில இருக்கு?”

அதுதான் அவருடைய ஆயுதம். கதையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் வரியைக் காட்ட வேண்டும். பசிக்கிறது என்று சொன்னால்கூட எந்த வரியில் இருக்கிறது என்று கேட்பார் என்பது மாணவர்களின் நெடுநாள் கேலி.

மைனா பக்கத்தைப் புரட்டுவதற்குள் வக்கீல் எழுந்துவிட்டான். எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்யும் பையன்.

“அவர் நல்லவர் சார். திருகாணி முடுக்கினார், வார்னிஷ் அடிச்சார். எங்கப்பா வீட்ல ஒரு ஆணிகூட அடிச்சதில்ல.”

“அப்படிச் சொல்லு!” என்றார் ஆசிரியர், தேவைக்குக் கொஞ்சம் அதிகமான சத்தத்தில்.

“நல்லவர்தான், யாரு இல்லன்னா?” மைனா விரலை வரியில் வைத்தாள். “இங்க பாருங்க சார். ‘அவள் சுவரை ஒட்டிய ஓரத்தில் உட்கார்ந்தாள்.’ அடுத்த பக்கத்துல, ‘வழக்கமான ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.’ தினமும் ஓரந்தான். அப்ப மிச்ச இடம் யாருக்கு சார்?”



வக்கீல் புத்தகத்தைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் மாறியது.

“அட, ஆமா சார். ‘ரெண்டு பேருக்குத் தாராளம்’னு கடைக்காரர் முதல்லயே சொல்றார். ஆனா வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் உட்காரவே இல்ல சார்.”

கட்சிக்காரனை அவனே கைவிட்டுவிட்டான்.

“வார்னிஷ் காயற வரைக்கும் அவங்களுக்கும் உட்கார இடமில்ல சார்!” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மறுபடி சிரிப்பு.

ஆசிரியர் சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே கதையை முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். சுண்ணக்கட்டி விரலிடுக்கில் அப்படியே இருந்தது.

“ஏன், அவருக்கு வேலை அலுப்பா இருந்திருக்கலாம் இல்லையா?” என்றார் மெதுவாக.

வகுப்பே ஒரே குரலில் கத்தியது. “எந்த வரியில சார்?”

இப்போது அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். இந்தப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கத் தொண்டைத் தண்ணீர் வற்றியது கொஞ்சநஞ்சமா!

“சரி, தோத்துட்டேன். அப்ப கடைசியில அவளுக்குக் கோபமா?”

மைனா யோசித்தாள். அவள் யோசித்து வகுப்பு பார்த்ததில்லை.

“கோபம் இல்ல சார். இனிமே வருவார்னு நினைக்கறத விட்டுட்டாங்க. ஆனா கதவப் பாத்துதான் உட்கார்ந்திருக்காங்க. அதுக்கும் வரி இருக்கு. அவர் வந்தா நகர்ந்துப்பாங்க சார்.”

மணி அடித்தது.

ஆசிரியர் ஓய்வறைக்குப் போகவில்லை. மாடிப்படி அடியில் ஒதுங்கி மனைவிக்கு ஃபோன் செய்தார்.

“இப்பதான் உன் கதைய நடத்திட்டு வரேன்.”

“அடேயப்பா! பிள்ளைங்களுக்குப் புரிஞ்சுதா?”

“அவங்களுக்கு நல்லாவே புரிஞ்சுது. எனக்குத்தான் இன்னிக்கு...”

“இதென்ன கூத்து? அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே படிச்சீங்களே!”

எழுதியதை அவள் முதலில் அவரிடம்தான் நீட்டுவாள். அவரும் சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். விட்டுப்போன ஒற்றுகளைப் போடுவார். ஒருமை பன்மையைச் சரிசெய்வார். அடியில் ‘அருமை’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவள் கடைசியாக நீட்டியது இந்தக் கதையைத்தான். அதற்குப் பிறகு நீட்டவே இல்லை என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

“நான் பிழைதான் பாத்தேன்,” என்றார். “படிக்கல.”

மறுமுனையில் அவள் சிரித்தாள். கேட்டு நாளாகிவிட்ட சிரிப்பு.

“வேற ஏதாவது எழுதி வெச்சிருக்கியா?”

“ஒண்ணு இருக்கு. ஆனா ஒற்றுப்பிழை எக்கச்சக்கம்.”

“இருக்கட்டும்,” என்றார் தமிழாசிரியர்.